பொன்னாடை போர்த்திய பாட்டுக்காரர்

“…அது எல்லாம் நல்லது, ஹெர் நாக்பார், மெத்த நல்லது. ஆனா நான் எப்ப பாடுறது?”

மூன்றாவது பொன்னாடைக்குள் இருந்துதான் இந்தக் கேள்வி வந்தது. ஜேர்மனியின் எசன் நகரில், ஆண்டு விழாவுக்காக எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம். முன்வரிசையில், பிரதம விருந்தினருக்கென்று போட்ட மெத்தைக் கதிரையில் அவர் இருந்தார். பக்கத்துக் கதிரையில், மொழிபெயர்க்கிறவனாக நான். மேடையோரத்தில் ஒரு தாய் குனிந்து தன் மகளின் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டது டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். பிரெஞ்சுக்காரர் கதைக்கிற டொச், அரைவாசி மூக்கால் வரும். ‘ஹெர் நாக்பார்’ என்றால் அயலவரே என்று அர்த்தம். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதனால் அவருக்கு நான் ஹெர் நாக்பார், எனக்கு அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான், வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று சொல்வதற்கு முதலில் இந்த மனிதர் யார் என்று சொல்லவேண்டும்.

மனைவி காலமாகி, மகளும் வேலை கிடைத்து ஹம்பேர்க் போன பிறகு, பெரிய வீட்டை விட்டுவிட்டு ஒரு அறையும் குசினியும் உள்ள சின்ன வீட்டுக்கு மாறினேன். எதிர்க்கதவு அவருடையது. நான் குடிபோன முதல் கிழமை, காலைச் சாப்பாடு முடிகிற நேரத்தில் சுவருக்கு அப்பால் ஒரு முனகல் கேட்கும். மேலே ஏறும், கீழே இறங்கும், திரும்ப ஏறும். ஆருக்கோ வயிற்றுக்குத்து என்று நினைத்துப் போய்க் கதவைத் தட்டினேன். கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய ஒரு கிழவர் திறந்தார்.

“வலி ஏதும் உண்டோ?” என்றேன்.

“வலி இல்லை,” என்றார். “தொழில்.”

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. வீட்டில் கதைக்க ஆளில்லாதவனுக்குப் படிக்கட்டுத்தான் சந்தி. குப்பை கொண்டு இறங்கும்போது ஒரு கதை, தபால்பெட்டி திறக்கும்போது மிச்சக் கதை என்று, அவருடைய வாழ்க்கையை நான் துண்டு துண்டாகவே கேட்டேன்.

பிரான்சின் வடக்கே, நிலக்கரி தோண்டும் ஊரொன்றில் பிறந்தவர். தகப்பன் சுரங்கத்துக்குள் இறங்கினவர். பிள்ளை இறங்கமாட்டேன் என்று பாரிசுக்கு ஓடிப்போய், சாப்பாட்டுக் கடைகளில் பாடினார். “கரண்டிச் சத்தத்துக்கு மேலால பாடிப் பழகின குரல் இது,” என்பார். அங்கே ஒரு நாள் ஜேர்மனியிலிருந்து வந்த இசைத்தட்டுக் கொம்பனிக்காரன் ஒருவன் சூப்பைக் குடித்துக்கொண்டே கேட்டான். எங்கள் சனத்துக்குப் பிரெஞ்சுக் குரல் பிடிக்கும், பிரெஞ்சு மொழி விளங்காது, நீ டொச்சில் பாடுகிறாயா என்று. இவருக்கு டொச்சில் ஒரு சொல்லும் தெரியாது. ஓம் என்றுவிட்டார்.

பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கொடுத்தார்களாம். “எந்த இடத்தில அழவேணும், எந்த இடத்தில சிரிக்கவேணும் எண்டு மட்டும் கேட்டு வைச்சிருந்தன். அர்த்தம் எனக்கு ஏழெட்டு மாதம் கழிச்சுத்தான் தெரிய வந்தது. தெரிஞ்ச பிறகு அவ்வளவு நல்லாப் பாட ஏலேல்லை.”

அந்தப் பாட்டு ஓடியது. வானொலியில், தொலைக்காட்சியில், சனிக்கிழமைப் பின்னேர நிகழ்ச்சிகளில் எல்லாம் இவர்தான். இவருக்குப் பின்னால் எப்போதும் அட்டையில் செய்த ஐஃபில் கோபுரம் ஒன்றை நிறுத்திவிடுவார்களாம். “அந்த அட்டைக் கோபுரம் என்னோட எல்லா ஊருக்கும் வந்தது. சில இடங்களில என்னைவிட அதுக்கு நல்ல அறை குடுத்தவை.”

பிறகு படங்கள். பிரெஞ்சுக்காரன் ஒருவன் வேண்டுமென்றால் இவரைக் கூப்பிட்டார்கள். ஓவியன், பரிசாரகன், நகைத் திருடன். பெரும்பாலும் கணவன் வீட்டுக்கு வருகிற சத்தம் கேட்டு அலுமாரிக்குள் ஒளிகிறவன். “எத்தினை அலுமாரிக்குள்ள நிண்டிருப்பன்! ஒரு படத்திலயும் என்னைக் கலியாணக் காட்சிக்குக் கூப்பிடேல்லை. அந்தப் பெட்டை எப்பவும் ஒரு ஜேர்மன் டொக்டரைத்தான் கட்டும்.”

சொந்த நாட்டில் ஒருமுறை முயன்று பார்த்தார். சுரங்கத் தொழிலாளர் பற்றிய படம் ஒன்றில் சின்னப் பாத்திரம். தகப்பனை நினைத்துக்கொண்டு நடித்தேன் என்றார். படம் வந்தபோது அவருடைய முகம் வருகிற இடத்தை வெட்டிவிட்டார்கள். லிப்டுக்குள் இறங்குகிற கூட்டத்தில் ஒரு முதுகு மட்டும் மிச்சம். அந்தப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி எழுந்து, திரைக்குக் கிட்டப் போய், விரலால் தொட்டுக் காட்டினார். “இது நான். முதுகாலயே நடிச்சன், பார்த்தியளோ?” நான் பார்த்தேன். உண்மையாகவே அந்த முதுகில் ஏதோ இருந்தது. அல்லது அவர் சொன்னதால் எனக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ.

அங்கே அவரை ஜேர்மன்காரரின் பாட்டுக்காரன் என்றார்கள். இங்கே கடைசி வரைக்கும் அவர் பிரெஞ்சுக்காரன். ‘இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையில் செத்ததாம் நாய்க்குட்டி’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதை டொச்சில் சொல்லிக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, “நாய்க்கு என்ன வயசு?” என்று கேட்டார்.

காலம் போகப் போக மேடைகள் சின்னதாகின. உல்லாசக் கப்பல், நோயாளிகள் வெந்நீரில் குளிக்கப் போகிற ஊர், மதுச்சாலைத் திறப்பு. கடைசியாகப் பாடியது ஒரு தளபாடக் கடையில். “மெத்தையளுக்கு நடுவில நிக்க வைச்சவை. மூண்டு பேர் படுத்திருந்து கேட்டினம். என்ர வாழ்க்கையில அவ்வளவு சொகுசான ரசிகர் வேற இல்லை.”

எசனுக்கு அவர் வந்தது ஒரு பெண்ணுக்காக. நாடக அரங்கொன்றில் உடுப்புத் தைத்தவர், இந்த ஊர்க்காரி. அந்த அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. “அவள் இருக்கேக்க இது எசன்,” என்றார் ஒருமுறை, யன்னலால் வெளியே பார்த்தபடி. “இப்ப இது ஒரு விலாசம்.” இந்தச் சொல்லை நான் பல நாள் தூக்கிக்கொண்டு திரிந்தேன். எனக்கும் அதுதானே. ஆனால் எனக்கு அதை அப்படிச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

ஜேர்மனியில் தனி ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரக்கூடாது. கடை பூட்டு. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. தெருவில் நடக்கிற ஒன்றிரண்டு பேரும் ஏதோ ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கிறவர்கள் போல நடப்பார்கள். அந்த நாட்களில் நான் புட்டும் மீன் குழம்பும் வைத்து அவரைக் கூப்பிடுவேன். அவர் ஒரு பாலாடைக்கட்டி கொண்டு வருவார். பெட்டி திறந்தால் யன்னலைத் திறக்கவேண்டும். முதல் நாள் நான் முகத்தைச் சுளித்ததைக் கண்டுவிட்டு, அடுப்படியில் தொங்கிய என் கருவாட்டுப் பையை விரலால் காட்டினார். ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். கருவாடு தின்கிறவன் அடுத்தவன் சட்டிக்கு மூக்கைப் பொத்தக்கூடாது.

சாப்பிட்ட பிறகு இரண்டு பேருக்கும் கதை தீர்ந்துவிடும். அவர் பிரெஞ்சில் ஏதோ நினைப்பார், நான் தமிழில் ஏதோ நினைப்பேன். நடுவில் சூடாக்கிக் குழாய் மட்டும் கடகடவென்று கதைத்துக்கொண்டிருக்கும். எழுந்து போகும்போது, “நல்ல பின்னேரம்,” என்பார். இரண்டு கதவும் சாத்தப்படும். பிறகு சுவர்.

இலை கொட்டத் தொடங்கிய நாட்களில் அந்தக் காலை முனகல் குறைந்தது. ஒரு நாள் படிக்கட்டில், மழை வரப்போகிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

“தொண்டைக்குள்ள ஒரு சின்னக் காய், கட்டி மாதிரி, இருக்காம். வெட்டவேணுமாம். வெட்டுற நாளுக்கு டெர்மின் தந்திட்டினம்.”

“வெட்டினாப் பிறகு குரல்?”

“கதைக்கலாமாம். பாடுறதைப் பற்றிக் கேட்டன். டொக்டர் தோளை இப்பிடித் தூக்கினார்.” தூக்கிக் காட்டினார். நடிகர் அல்லவா, டொக்டரே முன்னால் நிற்பதுபோல இருந்தது. “அதுக்கு முதல் ஒருக்காப் பாடவேணும், ஹெர் நாக்பார். ஒரு பாட்டு. முழுப் பாட்டு. சுவருக்கு இல்லை, முகங்களுக்கு.”

எங்களுடைய ஆண்டு விழா அந்த டெர்மினுக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. நான் சொன்னேன். அவருடைய முகத்தில் அப்போது வந்ததை வெளிச்சம் என்று எழுதினால் மிகையாக இருக்கும். வேலை தேடுகிறவன் கதவொன்றில் அறிவித்தலைக் கண்டதுபோல என்று சொல்லலாம்.

“மேடை இருக்கோ?”

“இருக்கு.”

“சனம்?”

“மண்டபம் நிரம்பும். ஆனா முசியே, உங்கட பாட்டு அவையளுக்கு விளங்காதே. அரைவாசிப் பேர் வயசான ஆக்கள்.”

“எனக்குந்தான் விளங்கேல்லை, முதல் முதல் பாடேக்க,” என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். “காயைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. சொன்னா, பாவம் எண்டு கை தட்டுவினம். பாவப்பட்டுத் தட்டுற கை, ஈரச் சப்பாத்து மாதிரி. போட்டுக்கொண்டு நடக்கலாம். ஆனா ஒவ்வொரு அடிக்கும் தெரியும்.”

சங்கத்தின் செயலாளர் என்னைவிட இளையவர். பொதிகள் அனுப்புகிற நிறுவனம் ஒன்றில் வேலை, மிச்ச நேரமெல்லாம் சங்கம். நல்ல மனம். தொலைபேசியில் சொன்னேன்.

“அண்ணை, உண்மையா ரீவியில வந்தவரோ?”

“ஓம், படத்திலயும் நடிச்சவர்.”

“ஐயோ அண்ணை, இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்! போன முறை ஒரு பல் டொக்டரையெல்லோ பிரதம விருந்தினரா இருத்தினனாங்கள். இந்த முறை இவரைப் போடுவம்.”

“அவர் ஒரு பாட்டுப் பாடவேணும் எண்டுறார்.”

“பாடலாம், பாடலாம். பாப்பம் அண்ணை.”

பிரதம விருந்தினர் என்றவுடன் எனக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. என் எதிர்வீட்டுக்காரர் குத்துவிளக்கு ஏற்றப்போகிறார்! அதை முசியேவுக்குச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தினையாவதாப் பாடுறன்?” பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து சுவருக்கு அப்பால் குரல் திரும்ப வந்தது. முழுப் பாட்டு இல்லை. ஒரு வரி, பிறகு இருமல், பிறகு அதே வரி. குரலைச் சில்லறை போல எண்ணி எண்ணிச் செலவழித்தார்.

விழா அன்று வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் கோட்டும் போட்டு, சப்பாத்தை மினுக்கி வந்து கதவடியில் நின்றார். பஸ்சில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. குரலைக் காப்பாற்றுகிறாராம். கையால் சைகை காட்டினார்.

எங்களுடைய விழா எப்போது சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது? பிந்தித்தான் விளக்கேற்றினோம். போரில் இறந்தவர்களுக்கான அகவணக்கத்துக்கு எழுந்து நின்றோம். பிறகு வரவேற்பு நடனம், பிறகு ஒவ்வொரு நடன ஆசிரியையின் பிள்ளைகள். தங்கள் பிள்ளை வரும்போது தகப்பன்மார் எழுந்து நின்று படம் எடுப்பார்கள், பின்னால் இருக்கிறவர்கள் “இருங்கோ, இருங்கோ” என்று சத்தம் போடுவார்கள். முசியே எல்லாவற்றையும் பார்த்தார். ஒவ்வொரு நடனம் முடியும்போதும் தாளம் தவறாமல் கை தட்டினார். தொழில்காரர் தொழில்காரருக்குத் தட்டுகிற தட்டு.

பிறகு கௌரவிப்பு. செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, “பிரான்ஸ் தேசம் ஈன்றெடுத்த கலைச் சிகரம், எண்ணற்ற திரைப்படங்களில் கதாநாயகனாகத் தோன்றியவர்…” என்று தொடங்கினார். நான் காதுக்குள் மொழிபெயர்த்தேன்.

“கதாநாயகனோ?” என்றார் முசியே. “அப்ப அலுமாரிக்குள்ள நிண்டது ஆர்?”

ஆனால் தன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் எழுந்துவிட்டார். கோட்டின் பொத்தானைப் போட்டார், தொண்டையைச் செருமினார், ஒலிவாங்கியை நோக்கி இரண்டு அடி வைத்தார். தலைவர் எதிரே வந்து பொன்னாடையைப் போர்த்தி, இரண்டு தோளையும் அன்பாகப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். மண்டபம் கை தட்டியது. மகளிர் அணியின் பெயரைச் சொன்னார்கள். திரும்பவும் இவர் பெயர் வந்தது. எழுந்தார், செருமினார். ஒரு அக்கா வந்து இன்னொரு பொன்னாடையைப் போர்த்தி, “இருங்கோ ஐயா, களைச்சுப் போவியள்,” என்று இருத்தினா. தமிழ்ப் பள்ளிக்கூடத்தார் மூன்றாவதைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை பாதி எழும்பும்போதே இருத்திவிட்டார்கள். அவருடைய வாய் பாடுவதற்காகத் திறந்திருந்தது. படம் எடுத்தவர்கள் அதைச் சிரிப்பென்று நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் அவர் என் பக்கம் சாய்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். செயலாளர் வியர்த்து வடிய நின்றார்.

“தம்பி, அவர் பாடவேணும். இப்ப.”

“அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்? எண்பது வயசு தாண்டின மனுசனை, பிரதம விருந்தினரை, எழுப்பி நிப்பாட்டிப் பாடச் சொல்லுறதோ? வீட்டுக்கு வந்த விருந்தாளியிட்ட தேங்காய் துருவத் தாறமோ?”

“அவரே கேக்கிறார்.”

“பெரிய மனுசர் அப்பிடித்தான் கேப்பினம். அது அவையின்ர பெருந்தன்மை. ஓம் எண்டு நாங்கள் சொல்லிறதோ? நாளைக்குச் சனம் என்ன சொல்லும்? விருந்தாளியைக் கூப்பிட்டு வேலை வாங்கினவங்கள் எண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மண்டபம் பாக்கிற ஹவுஸ்மைஸ்டர் ரெண்டு தரம் வந்து மணிக்கூட்டைக் காட்டிட்டுப் போட்டான், அண்ணை. நேரத்துக்கு மண்டபத்தைக் குடுக்காட்டி அடுத்த முறை தரமாட்டாங்கள். சோறும் ஆறுது.”

அந்தத் தம்பியில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். ஒருவரை மதிக்கிறோம் என்றால் அவரை இருத்துவோம். எழும்பவிட்டால் அது குறை. காயின் கதை என் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த நிமிடமே மேடை தருவார், தானே ஒலிவாங்கியைப் பிடித்துக் கண்கலங்கி அறிவிப்பார். மண்டபமே எழுந்து நின்று தட்டும். ஈரச் சப்பாத்து. விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் கதிரைக்கு வருமுன்னே நன்றியுரை முடிந்து, “எல்லோரும் சாப்பிட்டுவிட்டுச் செல்லவும்” என்று அறிவித்தாயிற்று. சனம் ஒரே அலையாக எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போனது. அங்கே நீட்டு மேசைகளில் சோறும் கறிகளும் ரோல்சும். ஒலிபெருக்கிக்காரர் வயர்களைச் சுற்றத் தொடங்கினார். வெறும் கதிரைகளுக்கு நடுவே, மூன்று பொன்னாடையோடு, முசியே மட்டும் மேடையைப் பார்த்தபடி இருந்தார்.

“முசியே,” என்றேன்.

“விளங்குது,” என்றார். “எங்கட தொழிலில இல்லை எண்டுறதை ஆக்களின்ர முகத்திலயே பாத்துப் பழகினது.” பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வரிசை மண்டப வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் வளைந்து கிடந்தது. காகிதத் தட்டோடு தாய்மார், சலங்கை கழற்றாத பிள்ளைகள், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள். எல்லா முகமும் ஒரே பக்கம் பார்த்திருந்தன, சோற்றுச் சட்டியின் பக்கம்.

முசியே எழுந்தார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். என் தோளைத் தொட்டுவிட்டு, மினுக்கிய சப்பாத்து மெதுவாகக் கிறீச்சிட, வரிசையின் பக்கவாட்டால் நடந்து போனார். சோற்று மேசைக்கு முன்னால், எல்லா முகமும் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் போய், கறிச் சட்டிகளுக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“ஐயோ, ஐயாவுக்கு முதல் குடுங்கோ! அவருக்குப் பசிக்குது!” என்றா பரிமாறிக்கொண்டிருந்த அக்கா. எங்கிருந்தோ ஒரு தட்டு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஓரத்தில் ஒரு ரோல்ஸ். அதை அவருடைய கையில் திணித்தார்கள். “கதிரை ஒண்டு கொண்டு வாங்கோ, இருக்க விடுங்கோ!” என்று பின்னால் ஒரு சத்தம். இன்னொரு சத்தம், “ஏன் லைன் நகரேல்லை?”

அவர் தட்டைப் பார்த்தார். கதிரை தூக்கிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தார். பிறகு தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையை நெஞ்சில் வைத்து, எல்லோருடைய தலைக்கும் மேலாலே தூரத்து வாசலைப் பார்த்துக்கொண்டு, பாடத் தொடங்கினார்.